திரும்பும் வழியும் மொழியின் ஆயுளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிப் புளியஞ்சோலையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொல்லிமலையின் அடிவாரத்தில், ஐயாற்றின் கரையில், மரநிழலில் அமர்ந்து பேசும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. மலைமேல் ஆகாய கங்கையாக வீழும் நீர் இப்பாறைகளுக்கிடையே இறங்கி வந்து, துறையூர்ப் பக்கத்து நிலங்களை நனைத்துக் காவிரியை நாடிப் போகிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை இது. வன்பரணர் பாடிய மலை இது. இங்கே நின்றுகொண்டு கவிதையைப் பற்றிப் பேசுவது எளிது. செயலாளரோ, தொழிற்புரட்சிக் காலத்தில் மக்கள் ஏன் இடம்பெயர்ந்தார்கள், எப்படிப் பெயர்ந்தார்கள் என்னும் தலைப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். "கவிஞர்களுக்குக் கணக்குப் பிடிக்காதே!" என்றேன். "அவர்களுக்குச் சந்தாக் கணக்கு மட்டுந்தான் பிடிக்காது" என்றார். அந்தத் துணிவில் சில எண்களோடு வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

இடப்பெயர்வு நமக்குப் புதிய பாடுபொருள் அன்று. பாலைத் திணை முழுவதும் பிரிவுதான். பொருள் தேடித் தலைவன் சுரம் கடந்து போகிறான். தலைவி காத்திருக்கிறாள். அந்தப் பாடல்களில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. போகிறவன் நாள் குறித்துச் செல்கிறான். கார்காலம் தொடங்குமுன் திரும்புவேன் என்பது அவன் சொல். அவள் முகில் பார்த்து ஏங்குகிறாள். பிரிவுக்கு ஓர் எல்லை இருந்தது. திரும்பும் வழி ஒன்று இருந்தது. அவளுடைய குரலுக்கும் புலவர்கள் இடம் தந்தார்கள்.

இதோ, இம்மலை மேல் வாழும் மலையாளி மக்களும் தாங்கள் வந்தேறிய கதையை மறவாது சொல்லி வருகிறார்கள். மலையை ஆள்வோர் என்பது அப்பெயர்க்கு அவர்கள் சொல்லும் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்து, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை எனப் பிரிந்து குடியேறினர் என்பது அவர்கள் வழக்கில் உள்ள கதை. அது வரலாறா, நம்பிக்கையா என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். எங்கிருந்து வந்தோம் என்பதை ஒரு மக்கட் கூட்டம் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறது என்பதே எனக்கு வியப்பு. ஏனெனில், நேற்றைக்கு முன்னாள் நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து போனவர்களை நாம் அவ்வாறு நினைவில் வைத்திருக்கவில்லை.

அவர்கள் ஏன் போனார்கள்? 'திரைகடலோடிய தமிழன்' என்று மேடையில் முழங்குகிறோம். கடாரம் கொண்ட சோழனின் கப்பற்படையை நினைந்து மார்பு நிமிர்த்துகிறோம். அந்தப் பெருமிதத்தில் குறை காண நான் வரவில்லை. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிய தமிழன் கையில் வாள் இல்லை. மடியில் பொருளும் இல்லை. அவனைக் கப்பலேற்றிய காரணங்கள் உலகின் நான்கு மூலைகளிலும் உருவாயின.

முதற்காரணம், ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தது. 1833இல் சட்டம் நிறைவேறி, 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அடிமைகள் விடுதலை பெற்றார்கள். ஆனால் இலண்டன் மாநகரின் தேநீர்க் கோப்பைக்குச் சர்க்கரை வேண்டியிருந்தது. அதே 1834இல் மொரீசியசுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், வேலையை விட்டு நீங்கினால் சிறை. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேரோடு நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை அங்கே சென்றவர் தொகை 1,52,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். பிஜித் தீவுக்கு 1879இல் கல்கத்தாவிலிருந்து முதற்கப்பல் சென்றது. 1903 முதல் தென்னாட்டாரும் சென்றனர்.

இரண்டாவது காரணம் நம் ஊர் மண்ணிலேயே இருந்தது. 1792இல் பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இப்பகுதியில் வரி வகுக்க வந்தனர். இரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. விளைச்சலில் பங்கு என்பது போய், வானம் பொய்த்தாலும் கட்டியாக வேண்டிய பணக் கிஸ்தி வந்தது. கிஸ்திக்குக் கடன், கடனுக்கு நிலம். இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் ஆலைத் துணி கைத்தறியின் குரல்வளையை நெரித்தது. நிலமும் தறியும் ஒருசேரத் தளர்ந்த நேரத்தில் 1876ஆம் ஆண்டு வந்தது.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான். பஞ்ச நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் வகுத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்தப் பஞ்சத்தின் போதும் தானிய ஏற்றுமதியை அரசு தடுக்கவில்லை. கொல்லிமலையை உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் ஏறத்தாழ 16 லட்சம். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கணக்கில் குறைந்துபோனார்கள். இறந்தவர் எத்தனை பேர், ஊரைவிட்டுப் போனவர் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை.

அன்பர்களே, அதே 1876ஆம் ஆண்டில் இன்னொன்று நடந்தது. பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகள் ஏறத்தாழ 70,000, ஹென்றி விக்ஹாம் என்பவரால் இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. முளைத்த கன்றுகள் அந்த ஆண்டே இலங்கைக்கும், அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கும் பயணமாயின. நம் வயல்களில் பயிர் கருகிய ஆண்டில், நம் மக்கள் பின்னாளில் பால் வெட்டப் போகும் மரத்தின் விதை கடல் கடந்து கொண்டிருந்தது. ஒன்று பசி, மற்றொன்று தோட்டம். இரண்டுக்கும் இடையிலிருந்த கடலைச் சுருக்க நீராவிக் கப்பல் வந்தது. 1869இல் சூயசுக் கால்வாயும் திறந்தது. அதே 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைநோய் தோன்றி, சில ஆண்டுகளில் காப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. காப்பிக்குப் பருவத்தில் வந்து பறித்துத் திரும்பும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே தேயிலை குடும்பத்தோடு அழைத்தது. ஒரு பூஞ்சை, ஒரு மக்கட் கூட்டத்தின் தலைவிதியை இப்படித் திருத்தி எழுதிற்று.

இது நம்முடைய கதை மட்டும் அன்று. 1846 முதல் 1940 வரையிலான காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்றவர் ஐந்தரைக் கோடிப்பேர் என மதிப்பிடுகிறார்கள். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது அயர்லாந்து மக்கள் பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினர். இந்தியாவிலிருந்தும் தென் சீனத்திலிருந்தும் தென்கிழக்காசியாவுக்கும் இந்துமாக்கடல் நாடுகளுக்கும் சென்றவர் ஏறத்தாழ ஐந்து கோடி. வடசீனத்திலிருந்தும் உருசியாவிலிருந்தும் மஞ்சூரியா, சைபீரியப் பகுதிகளுக்குச் சென்றவரும் அவ்வளவே. மூன்று பெரு வெள்ளங்கள், ஏறக்குறைய ஒரே அளவு. உலக வரலாறு என்று நாம் படித்ததில் முதல் வெள்ளம் மட்டுமே பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கா சென்ற ஐரோப்பியரில் பலருக்கு நிலம் கிடைத்தது. நம்மவர்க்குக் கிடைத்தது வரிசையாகக் கட்டிய லயத்து அறை.

இனி, எப்படிப் போனார்கள் என்பதைப் பார்ப்போம். 1885இல் ராவன்ஸ்டைன் என்னும் அறிஞர் இலண்டனில் இடப்பெயர்வின் விதிகள் என்று சிலவற்றை எடுத்துரைத்தார். பெரும்பாலோர் அருகிலுள்ள இடத்துக்கே செல்கிறார்கள் என்பது ஒன்று. ஒவ்வொரு பெயர்வுக்கும் எதிர்ப்பெயர்வு ஒன்று உண்டு என்பது மற்றொன்று. அந்த இரண்டாம் விதிதான் இன்று நான் சொல்ல வந்த செய்திக்கு அடிப்படை.

1834 முதல் 1937 வரை இந்தியாவை விட்டு வெளியேறியவர் ஏறத்தாழ மூன்று கோடி என்றும், திரும்பியவர் ஏறத்தாழ இரண்டு கோடியே நாற்பது லட்சம் என்றும் கிங்ஸ்லி டேவிஸ் கணக்கிட்டார். ஐவரில் நால்வர் திரும்பியிருக்கிறார்கள்! ஆனால் எல்லா நாட்டிலிருந்தும் ஒரேபோல் திரும்பவில்லை. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய அண்டை நாடுகளுக்குச் சென்றவரே மிகுதியும் போவதும் வருவதுமாக இருந்தனர். மொரீசியசும் நேட்டாலும் பிஜியும் தொலைவு; அங்கிருந்து திரும்புவது அரிது.

ஆள் சேர்த்த முறையும் வேறு வேறு. தொலைநாடுகளுக்கு ஒப்பந்த முறை. பல மாவட்டங்களிலிருந்து பிடித்த ஆட்களைத் துறைமுகக் கிடங்கில் அடைத்து, ஒரே கப்பலில் கலந்து ஏற்றினார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் போதும் என்பது பொது விதி. இறங்கிய பின் யார் எந்தத் தோட்டத்துக்கு என்பது துரையின் விருப்பம். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி முறை. கங்காணி தன் ஊருக்கே வந்தான். தன் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனான். முன்பணம் கடனாயிற்று, கடன் 'துண்டு' என்னும் சீட்டாயிற்று. அந்தத் துண்டு 1921இல் சட்டப்படி ஒழியும் வரை ஆளைத் தோட்டத்தோடு கட்டி வைத்திருந்தது. இலங்கைத் தோட்டக்காரர்கள் ஆள் திரட்டுவதற்கென 1904இல் அலுவலகம் நிறுவியது வேறெங்கும் இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள திருச்சிராப்பள்ளியில்தான். கங்காணி முறையில் கொடுமை குறைவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஊரை ஊராகவே பெயர்த்தது. மாரியம்மனும் பெயர்ந்தாள், காமன் கூத்தும் பெயர்ந்தது, ஒப்பாரியும் தாலாட்டும் பெயர்ந்தன, சாதியும் பெயர்ந்தது.

இதன் விளைவைக் கவிஞர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மொரீசியசு நாட்டின் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசக் காவடி இருக்கிறது. ஆனால் அங்குள்ள தமிழர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தென்னாப்பிரிக்காவில் பிள்ளை, முதலி, நாயுடு என்னும் பெயர்கள் ஆங்கில உச்சரிப்பில் உருமாறி நிற்கின்றன; வீட்டு மொழி ஆங்கிலமாயிற்று. இலங்கையின் மலையகத்திலோ இன்று கவிதையும் கதையும் தமிழிலே பிறக்கின்றன. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. எல்லாரும் ஒரே பசியால் விரட்டப்பட்டவர்கள். ஒரே தாய்மொழி பேசியவர்கள். ஓரிடத்தில் மொழி உதிர்ந்தது, ஓரிடத்தில் தழைத்தது. ஏன்?

காரணங்கள் பல. மலேயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. எண்ணிக்கைப் பெருக்கமும் ஒரு காரணம். எனினும் முதன்மையானது திரும்பும் வழி என்றே நான் கருதுகிறேன். போனவன் வந்து பெண் கட்டிக்கொண்டு போனான். ஊர்த் திருவிழாவுக்கு வந்தான். கடிதம் வந்தது, கடிதத்தை எழுதவும் படிக்கவும் தமிழ் தேவைப்பட்டது. புதிதாக வந்தவன் புதிய பாட்டைக் கொண்டு வந்தான். அந்தப் போக்குவரவே மொழிக்கு நீர் பாய்ச்சிய வாய்க்கால். மொழியைக் காத்தது புலவர்களாகிய நாம் என்று நினைத்துக்கொள்கிறோம். மண்டபம் முகாமிலும், தலைமன்னார்க் கப்பலிலும், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சென்ற 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்திலும் மூட்டையோடு அமர்ந்திருந்த எழுத்தறியாத மக்கள் அதைக் காத்தார்கள்.

திரும்பும் வழி எப்போதும் இன்பமானதாகவும் இல்லை. 1942இல் பர்மாவிலிருந்து நம்மவர் லட்சக்கணக்கில் நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றனர். பிரித்துக்கொள்ளப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. போகும்போது அவர்களுடைய பாட்டன்மாரை அடைத்து வைத்துச் சோதித்த அதே மண்டபத்தில், திரும்பி வந்த பேரப்பிள்ளைகளும் முகாமில் தங்கினார்கள்.

இந்த இடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் பாட்டனாரின் தமையனார், மணமாகி இரண்டாம் ஆண்டில், கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனார். ஒருமுறை பணம் வந்தது. ஒருமுறை கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அவர் மனைவியை, எங்கள் பெரிய பாட்டியை, நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். தாலியைக் கழற்றவில்லை. மாவு அரைக்கும்போது தனக்குத்தானே பாடுவார். கப்பலைச் சக்களத்தி என்று ஏசுவார். கடலைக் கண்டதே இல்லை, ஆனால் கடலோடு வழக்காடுவார். 1960களின் இறுதியில், தாயகம் திரும்பிய குடும்பம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. தொண்ணூறை நெருங்கிய பாட்டி தடியூன்றி அவர்கள் வாசலுக்குப் போனார். அந்தத் தலைமுறைப் பெண் கணவர் பெயரைச் சொல்லமாட்டாள். "இந்த ஊர்க்காரர்... இடப் புருவத்தில் தழும்பு இருக்கும்... பார்த்ததுண்டா?" என்றே கேட்டார். பெயரைச் சொல்லுங்கள் ஆயா என்று அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. உடன் சென்ற நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அந்தப் பெயர் தெரியாது.

பிற்காலத்தில் நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பதிவேட்டைப் பற்றிப் படித்தேன். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம், மாவட்டம் எல்லாம் எழுதி, இறுதியில் உடலடையாளம் என்றொரு கட்டம். தழும்பு இன்ன இடத்தில் என்று எழுத்தர் எழுதியிருக்கிறார். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்டது அது. என் பெரிய பாட்டியும் அந்தத் தழும்பைத்தான் நினைவில் வைத்திருந்தார். கண்டிக்குப் போனவர்க்கு அத்தகைய பதிவேடும் இல்லை. பாட்டி பாடிய பாட்டோ எனக்கு ஓரடிகூட நினைவில் இல்லை. அப்போது நான் கவிதை எழுதத் தொடங்கியிருந்தேன். நிலவைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதியிருந்தேன். அடுப்படியில் ஒலித்த பாலைப் பாட்டை எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

நம் இலக்கியம் போனவர்களைப் பாடாமல் இல்லை. பிஜித் தீவுப் பெண்களுக்காகப் பாரதி அழுதான். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யைத் தந்தார். மலையகத்தின் நாட்டார் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை திரட்டினார். ஆனால் இங்கேயே நின்று காத்திருந்தவர்களின் குரல்? பாலைத் திணையில் பாதி அதுதானே! போனவன் பாட்டை அவன் போன நாடு காத்தது. நின்றவள் பாட்டைக் காக்க வேண்டிய நாம் காக்கவில்லை.

ஆகவே, பத்தாண்டு நிறைவில் இவ்வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்குச் சென்று, கப்பலேறியவர் பெயர் ஒன்றையேனும், அவரைக் காத்திருந்தவர் பாடிய பாட்டின் ஓரடியையேனும் கேட்டு எழுதி வாருங்கள். கேட்டபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அடுத்த மலரில் நம் கவிதைகளுக்கு முன்னே அவை இடம்பெறட்டும். பெயர் சொல்லத் தயங்குகிறவர் இருந்தால், பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். இன்று காலை நாமக்கல் சாலை வழியே வந்தபோது கோழிப்பண்ணை ஒன்றின் வாயிலில் தேநீர் அருந்த நின்றேன். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியில் தம் தாயோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மொழி புரியவில்லை. ஆனால் அம்மொழி அவர் நாவில் உயிரோடிருந்தது. நாள்தோறும் திரும்பும் வழி ஒன்று அவர் கையில் இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவரைப் போன்றோர் நாடெங்கும் நெடுஞ்சாலைகளில் நடந்ததைக் கண்டோம். ஒருகாலத்தில் துண்டுச் சீட்டோடு நம்மவர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அன்று துரை நின்ற இடத்தில் சில வேளை நாம் நிற்கிறோம். அந்த இளைஞரின் பெயரைக் கேட்டேன். அவர் ஊரின் பெயரையும் கேட்டேன். இரண்டையும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.